ஆட்டிசம் உள்ள குழந்தை திடீரென வெடித்து அழுவது ஏன்? 'அடம்' என்று நினைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாலை நாலரை மணி. தேனி மாவட்டம் கெங்குவார்பட்டி பஸ் ஸ்டாப். ஆறு வயது பையனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா நிற்கிறார். தினமும் வரும் டவுன் பஸ் இன்று வரவில்லை. பதிலாக வேறு நிறத்தில் ஒரு பஸ், அதுவும் நிறைமாதக் கூட்டத்தோடு வருகிறது. டிரைவர் நீளமாக ஒரு ஹாரன் அடிக்கிறார். அடுத்த நொடி பையன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுகிறான். அலறுகிறான். தன் மணிக்கட்டையே கடிக்கிறான். அம்மா தூக்கப் பார்த்தால் இன்னும் திமிறுகிறான்.

சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு வார்த்தை சொல்கிறார்கள். "ஏம்மா, பிள்ளைய இப்படியா வளக்கிறது?" "நாலு போடு போட்டா தானா அடங்கிருவான்." "ஒரு பிஸ்கட் வாங்கிக் குடு தாயி, சும்மா ஆயிருவான்." ஒருவர் செல்போனை எடுத்து வீடியோவே பிடிக்க ஆரம்பித்துவிடுகிறார்.

இது குறிப்பிட்ட யாருடைய கதையும் அல்ல, நாம் கற்பனை செய்துகொண்ட காட்சி. ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இதைப் படிப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அந்தப் பையனுக்கு அந்த நேரத்தில் உண்மையில் என்னதான் நடக்கிறது? பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் ஒரு நோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் இருக்கும் வேறுபாடு. பிறரோடு பழகுவது, பேசுவது, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை உணர்வது ஆகியவை இவர்களுக்கு மற்றவர்களைப் போல இருக்காது. 2021-ம் ஆண்டு நிலவரப்படி உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

1943-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கன்னர் என்ற மருத்துவர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தைத் தனியாக அடையாளம் காட்டிய தொடக்ககால ஆய்வுகளில் அது முக்கியமானது. எல்லாம் நேற்று இருந்தது போலவே இன்றும் இருக்க வேண்டும் என்ற தவிப்பு அந்தக் குழந்தைகளிடம் இருந்ததையும், உரத்த சத்தங்கள் அவர்களைக் கலங்கடித்ததையும் அவர் அப்போதே கவனித்து எழுதியிருக்கிறார். பஸ் ஸ்டாப் பையனுக்கு நடந்ததும் இந்த இரண்டும்தான். வழக்கமான பஸ் மாறிப்போனது, ஹாரன் சத்தம் கேட்டது.

அடமா, உணர்வு வெடிப்பா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அழுகை, அலறல், தரையில் புரளுதல். ஆனால் உள்ளே நடப்பது வேறு.

அடம் பிடிக்கும் குழந்தைக்கு ஒரு இலக்கு இருக்கும். கடையில் தொங்கும் பொம்மை வேண்டும், செல்போன் வேண்டும். அழும்போதே ஓரக்கண்ணால் அம்மா பார்க்கிறாரா என்று பார்த்துக்கொள்ளும். கேட்டது கிடைத்தால் அழுகை நின்றுவிடும். யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் கொஞ்ச நேரத்தில் தானாகவும் நின்றுவிடும்.

உணர்வு வெடிப்புக்கு இலக்கு கிடையாது. இதை 'மெல்ட்டவுன்' என்கிறார்கள். தாங்க முடியாத அளவுக்குச் சுமை ஏறி, குழந்தை தன் கட்டுப்பாட்டை இழந்துவிடும் நிலை அது. யார் பார்க்கிறார்கள் என்ற கவலை இருக்காது. அடி படும் என்ற எச்சரிக்கை உணர்வும் குறைந்துவிடும். பிஸ்கட் கொடுத்தாலும் நிற்காது, பொம்மை கொடுத்தாலும் தூக்கி எறியும். முடிந்த பிறகு குழந்தை துவண்டுபோய்விடும், சில நேரம் அப்படியே தூங்கிவிடும்.

சில குழந்தைகள் வெளியே வெடிக்காமல் உள்ளுக்குள் ஒடுங்கிவிடுவார்கள். பேச்சு நின்றுவிடும், மூலையில் போய்ச் சுருண்டுகொள்வார்கள், கூப்பிட்டால் பதில் வராது. இதற்கு 'ஷட்டவுன்' என்று பெயர். சத்தம் இல்லாததால் "பிள்ளை சமத்தா இருக்கு" என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஆனால் அதுவும் அதே சுமையின் இன்னொரு முகம்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஆட்டிசம் உள்ள குழந்தையும் குழந்தைதான், அதுவும் அடம் பிடிக்கும். அடமாகத் தொடங்கி வெடிப்பாக முடிவதும் உண்டு. சந்தேகம் வந்தால் வெடிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடம் பிடிக்கும் குழந்தையிடம் அமைதியாக நடந்துகொண்டால் எதுவும் கெட்டுப்போகாது. வெடிக்கும் குழந்தையை அடித்தால் நிலைமை மோசமாகும்.

கொடைக்கானல் மழையும் மஞ்சளாறு அணையும்

"ஒரு ஹாரனுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்விக்குப் பதில் கெங்குவார்பட்டிக்காரர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு விஷயத்திலேயே இருக்கிறது.

மேலே கொடைக்கானல் மலையில் மழை பெய்யும். கீழே ஊரில் வெயில் அடிக்கும். ஆனால் மஞ்சளாறு அணையின் நீர்மட்டம் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும். அணையின் மொத்த உயரம் 57 அடி. அந்த உயரத்தை நெருங்க நெருங்க, கட்டம் கட்டமாக வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள். கடைசியில் வந்து சேரும் தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் அணை அதைத் தாங்காது, உபரி நீரைத் திறந்தே ஆக வேண்டும்.

குழந்தையின் நிலையும் அதுதான். காலையில் சட்டைக் காலரில் இருந்த லேபிள் நாள் முழுக்கக் குத்தியிருக்கும். பள்ளியில் வழக்கமான டீச்சர் லீவு. மதியம் சத்துணவுக் கூடத்தில் தட்டுச் சத்தம். வயிறு வேறு சரியில்லை. இதில் எதையுமே வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. மாலை நாலரைக்கு அந்த ஹாரன் அடித்தபோது அணை ஏற்கெனவே நிரம்பியிருந்தது. நாம் பார்த்தது கடைசி அடியை மட்டும்தான்.

பள்ளியில் அமைதியாக இருந்துவிட்டு, வீட்டு வாசலை மிதித்ததும் வெடிக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். "ஸ்கூல்ல ஒழுங்கா இருக்கான், வீட்ல நீங்க செல்லம் குடுத்துக் கெடுக்கிறீங்க" என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். பல நேரங்களில் உண்மை வேறு. நாள் முழுக்க அடக்கி வைத்ததைத் தனக்குப் பாதுகாப்பான இடத்தில்தான் குழந்தை இறக்கி வைக்கிறது.

சுமையை ஏற்றும் காரணங்கள் எவை?

ஒவ்வொரு குழந்தைக்கும் இது மாறும். பொதுவாகக் காணப்படுபவை:

புலன் சுமை: மிக்ஸி, குக்கர் விசில், திருவிழா மைக் செட், வெடிச் சத்தம், காட்ரோடு பக்கம் மலையேறும் வண்டிகளின் ஹாரன். மினுக்கும் டியூப் லைட், தாளிக்கும் நெடி, புது யூனிஃபார்மின் சொரசொரப்பு ஆகியவையும் இதில் சேரும். நமக்குச் சாதாரணமாகக் கேட்பது இவர்களுக்கு வலியாகவே இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில், புலன் உணர்வு வேறுபாடும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

மாற்றம்: வழக்கமான பாதை மாறுவது, சாப்பாட்டுத் தட்டு மாறுவது, சொல்லாமல் விருந்தாளி வருவது, விளையாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று "வா கிளம்பலாம்" என்பது.

சொல்ல முடியாமை: தாகம், பயம், 'எனக்கு இது வேண்டாம்' என்பதைச் சொல்ல வார்த்தை வராதபோது உடம்புதான் பேசும்.

உடல் வேதனை: பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், பசி, தூக்கமின்மை. திடீரென்று வெடிப்புகள் அதிகமானால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தலையில் அடித்துக்கொள்ளும் குழந்தைக்குக் காதுக்குள் சீழ் இருக்கலாம்.

முன்கூட்டியே தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். அணைக்கு எச்சரிக்கைக் கட்டங்கள் இருப்பது போல, குழந்தைக்கும் உண்டு. முதலில் சின்னச் சின்ன மாற்றங்கள் வரும். நடை வேகமாகும், கையை உதறுவது கூடும், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும். அடுத்து காதைப் பொத்தும், முனகும், சட்டையைக் கடிக்கும், அந்த இடத்தை விட்டு ஓடப் பார்க்கும். அதற்கு அடுத்துதான் வெடிப்பு.

முதல் கட்டத்திலேயே இடத்தை மாற்றிவிட்டால் பல வெடிப்புகளைத் தவிர்த்துவிடலாம். கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது போன்றவற்றைப் பார்த்து "கையை ஆட்டாதே" என்று அதட்டுபவர்கள் உண்டு. குழந்தை தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி அது. காயம் ஏற்படாத வரை அதைத் தடுக்க வேண்டாம்.

வெடிக்கும் நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் பாதுகாப்பு. கல், கண்ணாடி, சாலை, படிக்கட்டு ஆகியவற்றிலிருந்து குழந்தையை விலக்குங்கள். தலையை மோதினால் துண்டு, பை, தலையணை என மெத்தென்று எதையாவது இடையில் வையுங்கள்.

2. சுமையைக் குறையுங்கள். டிவி, லைட், மிக்ஸியை நிறுத்துங்கள். கூட்டத்தை விலகச் சொல்லுங்கள்.

3. பேச்சைக் குறையுங்கள். அந்த நேரத்தில் வார்த்தைகளும் சத்தமாகத்தான் போய்ச் சேரும். "அம்மா இருக்கேன்" போன்ற இரண்டு வார்த்தை போதும். "ஏன் இப்படிப் பண்றே?" என்ற கேள்விக்கு அப்போது பதில் சொல்ல முடியாது.

4. கொஞ்சம் தள்ளி, ஆனால் கண்ணில் படும்படி உட்காருங்கள். கட்டிப்பிடித்தால் சில குழந்தைகள் அடங்குவார்கள், சிலருக்குத் தொட்டாலே சுமை கூடும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

5. காத்திருங்கள். நாம் பதறினால் அந்தப் பதற்றமும் குழந்தைக்குப் போய்ச் சேரும்.

எதைச் செய்யவே கூடாது?

அடிக்காதீர்கள், மிரட்டாதீர்கள். "போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துருவேன்" என்று சொல்லாதீர்கள். முகத்தில் தண்ணீர் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, கை காலைக் கட்டிப்போடுவது எல்லாமே ஆபத்து. குப்புறப் போட்டு மேலே அமுக்கினால் மூச்சுத் திணறல் வரை போகும். வீடியோ எடுத்து உறவினர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அந்தக் குழந்தையின் மரியாதையைக் கெடுக்கும் செயல்.

முடிந்த பிறகு?

தண்ணீர் கொடுங்கள், ஓய்வெடுக்க விடுங்கள். உடனே பாடம் நடத்த வேண்டாம். சில குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்று சரியாக நினைவிருக்காது. சிலருக்கு நினைவிருந்து வெட்கமாகவும் பயமாகவும் இருக்கும். பேசத் தெரிந்த குழந்தையாக இருந்தால், அமைதியான பிறகு "எது கஷ்டமா இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்கலாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்

சிறப்புக் கல்வியாளர்களும் உளவியலாளர்களும் பயன்படுத்தும் எளிய முறை ஒன்று உண்டு. ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: நாள் மற்றும் நேரம், வெடிப்புக்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன்பின் நாம் என்ன செய்தோம்.

உதாரணமாக: 'செவ்வாய், மாலை 6.10. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள், மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. காதைப் பொத்தி அலறினான். உள் ரூமுக்குக் கூட்டிப்போனோம், 20 நிமிடத்தில் அடங்கினான்.'

இரண்டு மூன்று வாரம் விடாமல் எழுதினால், எந்த நேரம், எந்த இடம், எந்தச் சத்தம் என்று ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். மருத்துவரிடம் போகும்போது "அடிக்கடி கத்துறான் சார்" என்று சொல்வதை விட, இந்த நோட்டு நூறு மடங்கு உதவும்.

சுமை ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பட அட்டவணை: எழுந்திருப்பது, குளிப்பது, சாப்பிடுவது, பள்ளி என அன்றைய வேலைகளைப் படமாகச் சுவரில் ஒட்டுங்கள். கையால் வரைந்தாலே போதும். மாற்றம் இருந்தால் முன்கூட்டியே அந்தப் படத்தை மாற்றிக் காட்டுங்கள்.

முன்னறிவிப்பு: "இன்னும் அஞ்சு நிமிஷம், அப்புறம் கிளம்பறோம்" என்று சொல்லி, கடிகாரத்தையோ மணல் கடிகாரத்தையோ காட்டலாம்.

பேச மாற்று வழி: 'தண்ணி', 'வலிக்குது', 'போதும்', 'சத்தம்' என்று நாலைந்து பட அட்டைகள் சட்டைப்பையில் இருக்கட்டும். படம் காட்டப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் தேவையில்லை.

அமைதி மூலை: வீட்டில் ஒரு மூலை, பிடித்த போர்வை, மங்கலான வெளிச்சம். இது தண்டனைக்கான இடமாக மாறிவிடக் கூடாது.

திருவிழா நாட்கள்: சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கோ, சிவராத்திரிக்குத் தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலுக்கோ கூட்டிப்போகக் கூடாது என்பதில்லை. கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்துப் போகலாம். காதை மூடும் ஹெட்போன் கொண்டுபோகலாம். எந்த நேரமும் கிளம்பிவிடலாம் என்ற முடிவோடு போவது நல்லது.

மாட்டுக் கூண்டில் கிடைத்த அமைதி

ஆட்டிசம் உள்ளவர்களே தங்கள் உணர்வைச் சொல்லும்போது நமக்கு நிறைய புரிகிறது. 1947-ல் பிறந்த அமெரிக்கர் டெம்பிள் கிராண்டின் அவர்களில் ஒருவர். பதின்ம வயதில் கடும் பதற்றத்தால் அவதிப்பட்ட அவர், அரிசோனாவில் தன் உறவினரின் பண்ணைக்குப் போனபோது ஒன்றைக் கவனித்தார். ஊசி போடுவதற்காக மாடுகளை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் கூண்டு அங்கே இருந்தது. அதற்குள் போன மாடுகள் சில அமைதியாகிவிட்டன. நம்மூர் கால்நடை மருத்துவமனைகளில் மாட்டை நிறுத்தும் கம்பிச் சட்டத்தின் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மனிதர்கள் தொடுவதைத் தாங்க முடியாத அவர், அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஒரு இயந்திரத்தைத் தனக்காக வடிவமைத்துக்கொண்டார். அது அவரை அமைதிப்படுத்தியது. பின்னாளில் அவர் கால்நடை அறிவியல் பேராசிரியரானார். எல்லாக் குழந்தைக்கும் அழுத்தம் உதவும் என்பது இதன் பொருள் அல்ல. அந்தக் குழந்தைக்கு எது அமைதி தருகிறது என்று கவனிக்க வேண்டும் என்பதுதான் இதில் பாடம்.

'வளர்ப்பு சரியில்லை' என்பது உண்மையா?

இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அம்மாவின் பாசமின்மைதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று மருத்துவ உலகிலேயே பலர் நம்பினார்கள். 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், ஆட்டிசத்துக்கு அடிப்படை உடலியல்தான் என்று ஒரு புத்தகம் எழுதி அதை மறுத்தார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. அதன்பின் வந்த ஆய்வுகள் அந்தப் பழைய கருத்தை முழுமையாகக் கைவிட வைத்தன. மருத்துவ உலகம் எப்போதோ கைவிட்ட பழியை, பஸ் ஸ்டாப்பில் நாம் இன்னும் சுமத்திக்கொண்டிருக்கிறோம்.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற வதந்திக்குக் காரணமான 1998-ம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையை, வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் கூறியிருக்கிறது. "முழுசா குணமாக்குறோம்" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் நகையை அடகு வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். மந்திரிப்பது, தாயத்து கட்டுவது உங்கள் நம்பிக்கையாக இருக்கலாம். அதற்காகப் பயிற்சி தொடங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும்?

* தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அளவுக்கு வெடிப்பு இருந்தால்
* திடீரென்று எண்ணிக்கையோ தீவிரமோ கூடினால்
* கண் சொருகுவது, வெறித்துப் பார்ப்பது, கை கால் வெட்டி இழுப்பது இருந்தால். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களை விட அதிகம் காணப்படுகிறது
* பேசிய வார்த்தைகள், கற்ற பழக்கங்கள் மறைந்துபோனால்
* தூக்கம், சாப்பாடு பெரிதும் குறைந்தால்

கடுமையான எரிச்சலையும் ஆவேசத்தையும் குறைக்கச் சில மருந்துகளை மருத்துவர்கள் பரிந்துரைப்பது உண்டு. அவை ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்துகள் அல்ல. பக்க விளைவுகள் இருப்பதால் தொடர் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் விஷயம் இல்லை இது.

தேனி மாவட்டத்தில் எங்கே போவது?

கெங்குவார்பட்டியில் இருப்பவர்கள் முதலில் பெரியகுளம் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்கலாம். அடுத்த கட்டப் பரிசோதனைக்கு க.விலக்கில் உள்ள அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அவர்கள் அனுப்பி வைப்பார்கள்.

பள்ளி வயதுக் குழந்தை என்றால் பெரியகுளம் வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியர்களை அணுகலாம்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. சான்றிதழ், தனித்துவ அடையாள அட்டை, உதவித்தொகை தொடர்பான விவரங்களுக்குத் தேனி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். தேசிய அறக்கட்டளையின் 'நிரமயா' திட்டத்தில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ரூ.1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி தூக்கமில்லாமல், பகலில் ஊர்ப் பேச்சையும் கேட்டுக்கொண்டு இருக்கும் உங்களுக்கும் சுமை ஏறத்தான் செய்யும். 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி 24 மணி நேரமும் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அந்த பஸ் ஸ்டாப்பில் நீங்கள் நின்றிருந்தால்?

போனை உள்ளே வையுங்கள். கூட்டத்தைக் கொஞ்சம் விலக்குங்கள். ஹாரனை நிறுத்தச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டுங்கள். அந்த அம்மாவிடம் "என்ன உதவி வேணும்மா?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் பையை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். அடுத்த பஸ் வருவதற்குள் அந்தப் பையன் எழுந்து உட்கார்ந்துவிடக்கூடும்.